ஏ.எஸ்.ஸா, ஏ.ஏ.எஸ்.ஸா: கம்யூனிட்டி காலேஜில் சேர்வதற்கு முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்கு க்ரீன் கார்டு வந்தது. மகனும் மகளும் இரட்டையர்கள், 18 வயது, ஹைஸ்கூல் முடிக்கிறார்கள். மகனுக்குக் கணக்கு சுமார்தான். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்தைப் பார்த்தால் நகர மாட்டான். கம்யூனிட்டி காலேஜில் சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி சேர்கிறேன் என்கிறான். மகள் கிரிமினல் ஜஸ்டிஸ் படித்து போலீஸ் வேலைக்குப் போகப் பிடிவாதமாக இருக்கிறாள். நான் ஊரில் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. படித்தவன். இவர்களும் இங்கே இரண்டு வருடம் முடித்துவிட்டு நேராக மூன்றாம் ஆண்டில் சேர்ந்துவிடலாம்தானே? 'எங்கேயும் இடம் கிடைக்காதவர்கள் போகிற காலேஜ்' என்று சொந்தக்காரர்கள் சொல்வதும் உறுத்துகிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது சொந்தக்காரர்களின் பேச்சு இல்லை, அந்த 'நேராக மூன்றாம் ஆண்டு' என்ற வரிதான். தமிழ்நாட்டில் டிப்ளமோ முடித்தவருக்கு பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர அரசே வழி வைத்திருக்கிறது. எந்த பாலிடெக்னிக்கில் படித்திருந்தாலும் அந்த வழி ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. ஒரே கல்லூரி, ஒரே கட்டடம், சில சமயம் ஒரே ஆசிரியர், ஆனால் பட்டத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடினால் போகும் வழியே மாறிவிடும்.

இரண்டு வருடம், ஏறக்குறைய 60 கிரெடிட் கொண்ட அசோசியேட் பட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: ஏ.எஸ். (அசோசியேட் இன் சயின்ஸ்), ஏ.ஏ.எஸ். (அசோசியேட் இன் அப்ளைட் சயின்ஸ்). முதலாவது, நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்காக அமைத்தது. இரண்டாவதில் நடுவே 'அப்ளைட்' என்ற சொல் இருக்கிறது. அது முடித்ததும் வேலைக்குப் போவதற்கானது. 2008 முதல் நியூ ஜெர்சியில் நடப்பில் இருக்கும் மாநில டிரான்ஸ்ஃபர் ஒப்பந்தப்படி, ஏ.ஏ. (கலைப் பாடங்களுக்கான அசோசியேட் பட்டம்) அல்லது ஏ.எஸ். முடித்தவர் மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரும்போது அந்தப் பட்டம் முதல் இரண்டு ஆண்டாகக் கணக்கில் வரும். ஏ.ஏ.எஸ். பட்டத்துக்கு அந்த உறுதி கிடையாது. சேரும் பல்கலைக்கழகம் பாடம் பாடமாகப் பார்த்து, எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்யும்.

சிவில் இன்ஜினியரிங் டெக்னாலஜி பொதுவாக ஏ.ஏ.எஸ். படிப்பு. அதன் கணக்கு அல்ஜீப்ரா, டிரிக்னாமெட்ரி அளவிலும், இயற்பியல் கால்குலஸ் இல்லாமலும் இருக்கும். ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்மேல் வரும் விசைகளின் கணக்கு), ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எல்லாம் உண்டு, அதே அளவில். மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் பி.எஸ். சிவில் இன்ஜினியரிங் சேர நினைக்கும் மாணவருக்கு வேண்டியது வேறு படிப்பு. கம்யூனிட்டி காலேஜ்களில் அதற்கு 'இன்ஜினியரிங் சயின்ஸ்' என்று பெயர், ஏ.எஸ். பட்டம். அதில் கால்குலஸ் 1, 2, 3, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், கால்குலஸோடு கூடிய இயற்பியல், வேதியியல் எல்லாம் வரும். டெக்னாலஜி படித்துவிட்டு இன்ஜினியரிங்குக்குத் தாவினால், கால்குலஸ் இல்லாமல் படித்த ஸ்டாட்டிக்ஸை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். கணக்கு வரிசையையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வருடம் மிச்சம் என்று நினைத்தது அங்கே கரைந்துபோகும்.

அதற்காக டெக்னாலஜி முட்டுச்சந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கென்றே தனி இளநிலைப் பட்டம் இருக்கிறது. நெவார்க்கில் உள்ள என்.ஜே.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் டெக்னாலஜி பி.எஸ். படிப்புகள் ஏ.ஏ.எஸ். முடித்தவர்களை மனதில் வைத்தே அமைந்தவை; கன்ஸ்ட்ரக்‌ஷன், சர்வேயிங் இரண்டும் அங்கே உண்டு. ஆனால் அது 'இன்ஜினியரிங் டெக்னாலஜி'யில் பட்டம். அங்கீகாரம் கொடுக்கும் ஏபெட் அமைப்பில் இன்ஜினியரிங்குக்கு ஒரு கமிஷன், டெக்னாலஜிக்கு வேறொரு கமிஷன். பின்னாளில் எஃப்.இ. என்ற முதல்படி உரிமத் தேர்வு எழுதி, அனுபவம் சேர்த்து, பி.இ. உரிமம் வாங்க நினைத்தால் இந்த வித்தியாசம் வந்து நிற்கும். இங்கே பி.இ. என்பது பட்டம் இல்லை, வரைபடத்தில் முத்திரை வைக்கும் உரிமம். டெக்னாலஜி பட்டத்தை ஏற்றுக்கொண்டு கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்கும் மாநிலங்கள் உண்டு, ஏற்காத மாநிலங்களும் உண்டு. மகன் எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறானோ அந்த மாநில உரிம வாரியத்தின் விதியை இப்போதே படித்துவிடுங்கள்.

'கணக்கு சுமார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஹைஸ்கூல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து 18 வயதுப் பையனின் கதவைச் சாத்திவிட வேண்டாம். முதல் செமஸ்டரில் அவனுடைய பாடத்திட்டம் கேட்கும் டெக்னிக்கல் கணக்குக்குப் பதிலாக ப்ரீ-கால்குலஸ் எடுக்க அனுமதி உண்டா என்று அட்வைசரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் உயர்நிலைக் கணக்கை ஈடாக ஏற்றுக்கொள்வார்கள். அதில் பி கிரேடுக்கு மேல் வந்து, அவனுக்கும் ஆசை இருந்தால், இன்ஜினியரிங் சயின்ஸுக்கு மாறிவிடலாம். முதல் செமஸ்டர் முடிவில் மாறினால் இழப்பு ஒன்றிரண்டு பாடம்தான், நான்காவது செமஸ்டரில் மாறினால் ஒரு வருடத்துக்கு மேல். வரவில்லை என்றால் டெக்னாலஜியிலேயே நிம்மதியாகத் தொடரட்டும்.

எந்த நிலை வகுப்பில் போடுவது என்று பார்க்கக் கல்லூரி வைக்கும் பிளேஸ்மென்ட் டெஸ்டை அலட்சியமாக எழுதிவிட்டு வருவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மதிப்பெண் குறைந்தால் டெவலப்மென்டல் கணக்கில், அதாவது பள்ளிக் கணக்கை மறுபடி சொல்லித்தரும் வகுப்பில் போடுவார்கள். அந்த வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும், உதவித்தொகையும் அதில் செலவாகும், ஆனால் பட்டத்துக்கான கிரெடிட் கிடைக்காது. பாடங்கள் சங்கிலியாக இருப்பதால் அடி பின்னால் வரை விழும்: கணக்கு முடிந்தால்தான் ஸ்டாட்டிக்ஸ், அது முடிந்தால்தான் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரக்சர்ஸ். சிறிய துறைகளில் ஸ்டாட்டிக்ஸை வருடத்துக்கு ஒரே முறை, ஃபால் செமஸ்டரில் மட்டும்தான் நடத்துவார்கள். ஒரு கணக்குப் பாடம் தவறினால் பட்டம் மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிப்போகும். பழைய அல்ஜீப்ரா நோட்டை எடுத்து மூன்று வாரம் உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போகட்டும்.

நீங்களே சிவில் படித்தவர் என்பதால் மகனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுவீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஸ்லம்ப் டெஸ்ட்: புது கான்கிரீட்டைக் கோன் வடிவ அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கியதும் எவ்வளவு உட்காருகிறது என்று பார்ப்பது. கோன் அதேதான்: உயரம் 12 அங்குலம், அடியில் 8, மேலே 4. ஆனால் 1959 ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலைப்படி நான்கு அடுக்காக நிரப்பிக் குத்தியிருப்பீர்கள். இங்கே ஏ.எஸ்.டி.எம். சி143 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. அந்த மூன்றும் உயரத்தில் சமமாக இருந்தால் போதாது, கொள்ளளவில் சமமாக இருக்க வேண்டும். அடி அகலமாக இருப்பதால் முதல் அடுக்கு 2⅝ அங்குலத்திலும் இரண்டாவது 6⅛ அங்குலத்திலும் நின்றுவிடும். புதிதாகச் செய்பவர்கள் 12ஐ மூன்றால் வகுத்து 4 அங்குலம் வரை கொட்டிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 4 அங்குலத்துக்குள்ளேயே மொத்த கான்கிரீட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். அவ்வளவு கனத்துக்கு 25 குத்து போதாது, அடி சரியாக இறுகாது. கோனை 3 முதல் 7 நொடிக்குள், திருகாமல், பக்கவாட்டில் அசைக்காமல் நேராகத் தூக்க வேண்டும். நிரப்பத் தொடங்கியதிலிருந்து தூக்கி முடிக்கும் வரை இரண்டரை நிமிடம்தான். உட்கார்ந்த கான்கிரீட்டின் மேற்பரப்பு நடுவில் அளந்து, கால் அங்குலத் துல்லியத்தில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, அடிக்கணக்கு. நாம் மீட்டரில் பழகியவர்கள். இங்கே சர்வேயில் அடி, ஆனால் அங்குலம் இல்லை. அடியைப் பத்தாகவும் நூறாகவும் பிரிப்பார்கள். 5 அடி 3 அங்குலம் என்றால் 5.25. முதல் மாதம் பாதி வகுப்பு அதை 5.3 என்று எழுதும், லெவல் லூப் மூடாது (அளந்துகொண்டே தொடங்கிய புள்ளிக்குத் திரும்பினால் உயரம் ஒத்துவராது), கருவி மேல் பழி விழும். ஒரு நூறில் ஒரு பங்கு அடி என்பது ஏறக்குறைய கால் அங்குலத்தில் பாதி; இதை விரல் நுனியில் வைத்துக்கொண்டால் சைட்டில் கொத்தனார் டேப்புக்கும் சர்வே புத்தகத்துக்கும் இடையே தடுமாற்றம் வராது. இன்னொன்று, அமெரிக்காவில் அடியே இரண்டு வகை: சர்வே அடி, சர்வதேச அடி. வித்தியாசம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். 2022 இறுதியோடு சர்வே அடியை அதிகாரபூர்வமாக விலக்கிவிட்டார்கள், ஆனால் பழைய வரைபடங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. நிலத்தின் புள்ளிகளை எண்ணால் குறிக்கும் நியூ ஜெர்சியின் மாநில ஆயத்தொலைவு முறையில் கிழக்கு அளவு நடுக்கோட்டிலேயே 492,125 அடி. எண் இவ்வளவு பெரிது என்பதால் சிவில் 3டி மென்பொருளில் அலகைத் தப்பாகத் தேர்ந்தால் மனையின் எல்லைக்கல் ஏறக்குறைய ஓர் அடி தள்ளிப் போய் நிற்கும்.

படிக்கும்போதே அவன் வாங்க வேண்டிய முதல் சான்றிதழ், ஏ.சி.ஐ. (அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்) தரும் கான்கிரீட் ஃபீல்ட் டெஸ்டிங் டெக்னீஷியன், கிரேடு 1. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு: சாம்பிள் எடுத்தல், வெப்பநிலை, ஸ்லம்ப், எடை அடர்த்தி, காற்றளவு இரண்டு முறையில், சிலிண்டர் வார்த்தல். 5 ஆண்டு செல்லும். செய்முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஒரு படியை விட்டுவிட்டுத்தான் தோற்கிறார்கள், ஆகவே வாயால் வரிசையைச் சொல்லிக்கொண்டே கையால் செய்து பழக வேண்டும். இதோடு ஓஷா என்ற ஃபெடரல் பணிப் பாதுகாப்பு அமைப்பின் 10 மணி நேரக் கட்டுமானப் பாதுகாப்பு அட்டையும் இருந்தால் முதல் கோடையிலேயே டெஸ்டிங் லேபில் வேலை கேட்கலாம். நெடுஞ்சாலை, பாலத் திட்டங்களில் இன்ஸ்பெக்டராக நினைத்தால், இன்ஜினியரிங் டெக்னீஷியன்களுக்கான நைசெட் சான்றிதழ் அவசியப்படும். அது நான்கு நிலை, மேல்நிலைகளுக்கு அனுபவ ஆண்டுகள் கணக்கு, எனவே முதல் நாள் வேலையிலிருந்தே என்ன செய்தான், எந்தத் திட்டம், எத்தனை மணி நேரம் என்று குறிப்பு எழுதி வைக்கட்டும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே படிப்பை விடக் குடியுரிமைதான் முதல் கேள்வி. நியூ ஜெர்சியில் போலீஸ் அதிகாரியாக அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கலிஃபோர்னியா 2023 முதல் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உள்ள மற்றவர்களையும் எடுக்கிறது, ஆனால் எல்லா மாநிலமும் அப்படி இல்லை. உங்களுக்கு 2023 ஆகஸ்டில் க்ரீன் கார்டு என்றால், குடியுரிமைக்கு வேண்டிய 5 ஆண்டு 2028 ஆகஸ்டில் நிறைகிறது. 90 நாள் முன்னதாக, அதாவது 2028 மே மாதத்திலேயே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போடலாம். 2026 செப்டம்பரில் கல்லூரி தொடங்கினால் அசோசியேட் பட்டம் முடிவதும் அதே மே மாதம். அழகாகப் பொருந்துகிறது, நடுவில் நீங்கள் கெடுக்காமல் இருந்தால். தாத்தா பாட்டியோடு இருக்கட்டும் என்று ஊருக்கு அனுப்பி 6 மாதத்துக்கு மேல் வைத்துவிட்டால், தொடர் வசிப்பு முறிந்ததாகக் கருதும் நிலை வரும், கணக்கே தள்ளிப்போகலாம். நீங்கள் குடியுரிமை வாங்கினால் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். அது 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும். இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மகனுக்கு இன்னொன்றும் உண்டு: க்ரீன் கார்டு உள்ள ஆண்பிள்ளைகளும் செலக்டிவ் சர்வீஸ் என்ற, கட்டாய ராணுவச் சேர்ப்புக்கான பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும். அவன் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள்.

கஞ்சா பற்றியும் வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நியூ ஜெர்சியில் 2021 முதல் 21 வயதானவர்களுக்கு அது சட்டபூர்வம், கடையிலேயே விற்கிறார்கள். ஆனால் குடியுரிமைச் சட்டம் ஃபெடரல் சட்டம். மாநிலத்தில் தடை இல்லாவிட்டாலும், பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொண்டால் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும். நண்பர்களில் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் பிள்ளைகளுக்கு ஆகும். இரண்டு பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டே கல்லூரிக்குப் போக வேண்டும்.

படிப்பில் மகளுக்கு ஏ.எஸ். பட்டம் எடுக்கச் சொல்வேன். போலீஸ் அகாடமியில் சேர கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் கட்டாயமில்லை. பல ஊர்களில் ஹைஸ்கூல் சான்றிதழே அடிப்படைத் தகுதி, சில ஊர்கள் 60 கிரெடிட் கேட்கின்றன. அகாடமியில் சட்டமும் ரோந்தும் துப்பாக்கியும் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் அந்தப் பட்டத்தின் மதிப்பு நாளைக்கு இளநிலைப் பட்டத்துக்குக் கொண்டுபோவதில்தான் இருக்கிறது. எஃப்.பி.ஐ. ஸ்பெஷல் ஏஜென்ட் போன்ற வேலைக்கு இளநிலைப் பட்டம் இல்லாமல் முடியாது. நியூ ஜெர்சியின் நகரப் போலீஸுக்கு 35, ஃபெடரல் சட்ட அமலாக்க வேலைகளுக்கு 37 என்று பொதுவான வயது வரம்பு உண்டு. அவளுக்கு நிறைய காலம் இருக்கிறது, அவசரப்படுத்த வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அக்கவுண்டிங், கம்ப்யூட்டர், ஸ்பானிஷ் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போலீஸ் வேலை பிடிக்காமல் போனாலும் கையில் இன்னொரு தொழில் இருக்கும்.

வகுப்பில் என்ன இருக்கும் என்று அவளுக்கும் உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. அரசியல் சட்டத்தின் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருத்தங்களும் அவற்றைச் சுற்றிய தீர்ப்புகளும்தான் முதுகெலும்பு: சட்டவிரோதமாக எடுத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களிலும் ஒதுக்கிய மேப் வழக்கு 1961, வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு வக்கீல் உரிமை தந்த கிடியன் 1963, மிராண்டா 1966, தெருவில் நிறுத்திச் சோதிப்பதற்கு எல்லை வகுத்த டெரி 1968. இதற்கு நிகராக முக்கியம், பலர் எளிதாக நினைத்துக் கோட்டைவிடும் ரிப்போர்ட் ரைட்டிங். 'அவர் குடிபோதையில் இருந்தார்' என்று எழுதினால் மதிப்பெண் போகும், கோர்ட்டில் வழக்கே போகும். மூச்சில் மது வாடை, கண் சிவப்பு, லைசென்ஸ் கேட்டபோது இரண்டு முறை கிரெடிட் கார்டை நீட்டியது, இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டது என்று கண்டதை, நேரத்தோடு எழுத வேண்டும். முடிவு படிப்பவருக்குத் தானாக வர வேண்டும். இங்கிலீஷ் எழுத்து பலமில்லை என்றால் முதல் வருடமே ரைட்டிங் சென்டருக்குப் போகப் பழகட்டும், அது இலவசம்.

டி.வி. தொடர்களில் வருகிற தடயவியல் ஆய்வுக்கூடம்தான் அவள் மனதில் இருக்கிறது என்றால் இந்தப் படிப்பே வேண்டாம். டி.என்.ஏ., போதைப்பொருள் சோதனை செய்பவர்கள் வேதியியல், உயிரியல் பட்டதாரிகள். இதை இப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

போலீஸ் பின்னணி விசாரணையில் பழைய டிராஃபிக் டிக்கெட், சமூக வலைத்தளப் பதிவு, கடன் பாக்கி, வேலையை விட்ட காரணம் எல்லாம் வரும். சின்னத் தவறு இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அங்கேயே முடிந்தது. பள்ளியில் நடந்த சிறு சம்பவமாக இருந்தாலும் எழுதச் சொல்லுங்கள். உடல்தகுதித் தேர்வில் பெரும்பாலும் புஷ்-அப், சிட்-அப், ஒன்றரை மைல் ஓட்டம் இருக்கும். இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும், கடைசி மாதத்தில் தொடங்கினால் முட்டி போகும்.

பணம்: க்ரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா என்ற ஃபெடரல் கல்வி உதவி விண்ணப்பத்துக்கு இருவரும் தகுதி. பொதுவாக அக்டோபர் 1 அன்று திறக்கும், இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் போலி. இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம், பெற்றோரும் தனிக் கணக்கு தொடங்கி சம்மதம் தர வேண்டும். திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவித்தொகையான பெல் கிராண்ட் 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர். வருமானத்தைப் பொறுத்துக் குறையும். வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கு என்.ஜே. ஸ்டார்ஸ் என்ற மாநிலக் கட்டண உதவி உண்டு, உங்கள் பிள்ளைகளின் ரேங்கைப் பள்ளி கவுன்சிலரிடம் கேளுங்கள். மகன் விரும்பும் படிப்பு உங்கள் கவுண்டிக் கல்லூரியில் (மாவட்டம் போன்ற கவுண்டியின் கம்யூனிட்டி காலேஜில்) இல்லாமல் பக்கத்துக் கவுண்டியில் இருந்தால் கட்டணம் கூடும். அப்போது 'சார்ஜ்பேக்' கேட்கலாம். இங்கே இந்தப் படிப்பு இல்லை என்று உங்கள் கவுண்டிக் கல்லூரியில் எழுதி வாங்கி, வசிப்பிடச் சான்றோடு கவுண்டி அலுவலகத்தில் கொடுத்தால் வித்தியாசத்தைக் கவுண்டி ஏற்கும். செமஸ்டர் தொடங்கும் முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

தனியார் ஆன்லைன் கல்லூரிகள் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டம் என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள். இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களைத் தவறாக வழிநடத்தியதாக 2012 இல் இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் வெஸ்ட்வுட் காலேஜ் மீது வழக்குப் போட்டார்; 2016 இல் அந்தக் கல்லூரி மூடப்பட்டது. கவுண்டிக் கல்லூரியில் இதே படிப்புக்கு அதில் சிறு பங்குதான் செலவு. உங்கள் சொந்தக்காரர்களுக்கு இதையும் சொல்லுங்கள்: இரண்டு ஆண்டு கம்யூனிட்டி காலேஜில் படித்து ரட்கர்ஸில் பட்டம் முடித்தவருக்குக் கையில் கிடைக்கும் சான்றிதழில் ரட்கர்ஸ் பெயர் மட்டும்தான் இருக்கும்.

அட்வைசரைப் பார்க்கப் போகும்போது 'டிரான்ஸ்ஃபர் ஆகுமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், 'ஆகும்' என்றுதான் பதில் வரும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம் என்று பெயர் சொல்லி, இந்தப் பட்டியலில் எந்தெந்தப் பாடம் அங்கே மேஜர் பாடமாகவே ஏற்கப்படும், எது வெறும் எலெக்டிவாகப் போகும் என்று கேளுங்கள். என்.ஜே. டிரான்ஸ்ஃபர் என்ற மாநில இணையதளத்தில் பாடம் பாடமாக முந்தின நாளே பார்த்து அச்செடுத்துக்கொண்டு போங்கள். மகனுக்கு ஒரு தாள், மகளுக்கு ஒரு தாள். பதிலை அவர்களே பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.